மூன்று அட்டை, ஓர் ஆள்

ஓட்டப்பந்தயம் என்றால் ஒரு கோட்டில் நின்று, விசில் அடித்ததும் எதிரே இருக்கிற இன்னொரு கோட்டை நோக்கி ஓடுவது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதிலேயே பள்ளிக்கூடத்தில் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தவள் நான். அப்படிப்பட்டவளை முப்பத்து நாலு வயதில், முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு, செகந்திராபாத் சந்துபொந்தெல்லாம் ஓடவைத்தது எங்கள் கம்பெனி. ஐ.டி.யில் பணம் கொழித்த வருஷங்கள் அவை. மாதாப்பூரில் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் முளைக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ, ஒற்றுமை இருந்தாக வேண்டும் என்று மேலே யாருக்காவது தோன்றிக்கொண்டே இருக்கும். ஒரு வருஷம் கயிறு இழுத்தோம். ஒரு வருஷம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்தோம், நம்பிக்கை வளருமாம். என்ன வளர்ந்தது என்று எனக்குத் தெரியாது, எனக்குக் கழுத்துதான் பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் ஓரியன்டியரிங் என்றார்கள்.

அது என்ன கண்றாவி என்று கேட்டதற்கு ஹெச்.ஆர். பெண் ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டினாள். சுருக்கம் இதுதான். கையில் ஒரு வரைபடம் தருவார்கள். ஊருக்குள் பன்னிரண்டு இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சின்னக் கொடிகளைக் கட்டியிருப்பார்கள். எந்த வழியாகப் போவது என்பது உங்கள் பாடு. ஒவ்வொரு கொடியிலும் ஊசிப் பல் வைத்த ஒரு கிளிப் தொங்கும். அதால் உங்கள் அட்டையில் ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கிளிப்பும் ஒவ்வொரு மாதிரி குத்தும், அதனால் ஏமாற்ற முடியாது. ஓர் அணிக்கு மூன்று பேர், மூன்று அட்டை. ஒவ்வொரு கொடியிலும் மூன்று பேரும் சேர்ந்து நிற்க வேண்டும், அவரவர் அட்டையை அவரவரே குத்த வேண்டும். இதுதான் விதி, இதற்குள் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஹெச்.ஆர். பெண் மட்டும் வாய் கிழியத் தத்துவம் பேசினாள்.

எங்கள் மேனேஜருக்கு அன்றைக்கே வேகம் வந்துவிட்டது. சென்னைக்காரர். இரண்டு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர், அந்த இரண்டு வருஷத்தை வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் நடத்தினால் குடும்பக் கல்யாணம்கூட ப்ராஜெக்ட்தான். உடனே எக்ஸெல்லில் ஒரு ஷீட் திறந்தார், கலர் கலராகக் கட்டம் போட்டார். ரிஸ்க் என்று ஒரு பத்தி, அதில் 'நாய்' என்று எழுதி எதிரே 'மீடியம்' என்று போட்டிருந்தார். கையில் கட்டிக்கொள்ளத் தட்டு மாதிரி ஒரு ஜி.பி.எஸ். கடிகாரம். தனக்கு நேவிகேஷன் லீட் என்று பட்டம் கொடுத்துக்கொண்டார். நான் டைம் கீப்பர். எங்கள் டீமில் வேறு எந்தப் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை காலையை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை, அணியில் ஒரு பெண் கட்டாயம் என்று விதி, மார்ச்சில் அப்ரைஸல், சம்பள உயர்வுக்கு மேனேஜர் மார்க் போடுகிற நேரம். அதனால் நான் பல்லைக் காட்டிக்கொண்டு சரி என்றேன். வீரத்தால் ஒன்றும் போகவில்லை.

மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன்.

அவன் எங்கள் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். காண்ட்ராக்ட். எங்கள் கழுத்தில் நீலப் பட்டை, அவன் கழுத்தில் மஞ்சள் பட்டை. மஞ்சள் பட்டைக்காரர்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறக்கூடாது, ஜிம்முக்குப் போகக்கூடாது, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கிடையாது. இந்தப் பந்தயத்துக்கு மட்டும், அணிக்கு ஒரு மஞ்சள் பட்டை இருக்க வேண்டும் என்று திடீர்ப் பாசம். நாலு வருஷமாக அங்கே இருந்தான். வயது முப்பத்தொன்று. மேனேஜர் வாயில் எப்போதும் 'பையன்'. மல்காஜ்கிரியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ரயில்வேயில் இருந்து ரிட்டயரானவர், ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம். வீட்டுத் தமிழோடு தெலுங்கும் ஹைதராபாத் இந்தியும் கலந்து பேசுவான். ஆமாம் என்பதற்கு 'ஹவ் மேடம்' என்பான், டீ வேண்டாம் என்பதற்கு 'நக்கோ மேடம்' என்பான். மல்காஜ்கிரி சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறவன். அங்கே பாட்டுக் குழுவில் பாடுகிற பெண்ணுக்கும் அவனுக்கும் இரண்டு வருஷமாக இஷ்டம். பெண்ணின் அப்பா ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயரானவர். அவர் ஒரே வார்த்தையில் நின்றார்: பர்மனென்ட் லெட்டரைக் கொண்டு வா, பெண்ணைக் கொடுக்கிறேன்.

அந்த லெட்டருக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. காண்ட்ராக்ட் ஆளைக் கம்பெனி ஆளாக மாற்றுகிற படிவம், அதில் மேனேஜர் நாலு வரி எழுதி, மேலே இருக்கிற டெலிவரி ஹெட்டிடம் கையெழுத்து வாங்க வேண்டும். படிவம் தீபாவளியிலிருந்து எங்கள் மேனேஜரின் டிராயரில் தூங்கியது. அவன் கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்றவர், பந்தயம் அறிவித்ததும் புதுசாக ஒன்று சொன்னார். அன்றைக்கு டெலிவரி ஹெட் வருகிறார், அவர் கண்ணெதிரே நாம் ஜெயித்தால் அங்கேயே இவனை நிறுத்திக் கையெழுத்துக்குப் பேசிவிடுகிறேன் என்றார். அவன் இதை என்னிடம் வந்து சொன்னபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே, அத்தனை சந்தோஷம். பிப்ரவரி கடைசியில் சாம்பல் புதன் வந்துவிடும், அன்றைக்குத் தொடங்குகிற தவக்காலத்தில் கல்யாணம் செய்ய மாட்டார்கள், ஈஸ்டர் வரைக்கும் பெண்ணின் அப்பா பொறுக்க மாட்டார், பெரம்பூரில் பாங்க் மாப்பிள்ளை ஒருவன் தயாராக நிற்கிறான் என்றான். ஒரு மனுஷனின் கல்யாணம் ஓட்டப்பந்தயத்தில் வந்து நிற்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. எரிந்ததே தவிர, மேனேஜரிடம் போய் டிராயரைத் திறய்யா என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆபீஸில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் உள்ளே இருந்ததாக அட்டை சொல்ல வேண்டும். வரும்போது ஒரு தேய்ப்பு, போகும்போது ஒரு தேய்ப்பு. கம்பிக் கதவில் ஆளுக்கு ஒரு தடவைதான் தேய்க்க முடியும். ஆனால் கம்ப்யூட்டர் தள்ளுவண்டி போகிற அகலக் கதவு ஒன்று பக்கவாட்டில் உண்டு, அது அவன் ராஜ்ஜியம். அங்கே எத்தனை அட்டை தேய்த்தாலும் கேட்பாரில்லை. மேனேஜர் நாலரை மணிக்கு டென்னிஸுக்குக் கிளம்பும்போது கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி அவன் கையில் போட்டுவிட்டுப் போவார். எட்டு மணிக்கு அவன் தேய்த்துவிட்டு டிராயரில் வைத்துவிடுவான். வெள்ளிக்கிழமைகளில் நான் கூட்டத்துக்கு முன்னால் வீட்டுக்குப் பஸ் பிடிக்க மூன்று மணிக்கே ஓடுவேன். என் அட்டையும் அவன் கையில்தான். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததே இல்லை. கழற்று, கொடு, நட. அவன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம்.

சங்கராந்தி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம். நான் இருந்தது ராமச்சந்திராபுரத்தில், வீட்டுக்காரர் வேலை செய்த ஃபாக்டரியின் குவார்ட்டர்ஸில். அங்கிருந்து செகந்திராபாத் வர வேண்டுமென்றால் விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்ட மனுஷர், உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். க்ளாக் டவருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். நாற்பது அணி. ஒரே கலர் டி-ஷர்ட், முதுகில் ஏதோ வீர வசனம். ஒலிபெருக்கியில் ஒருத்தன் நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம் என்று கத்திக்கொண்டிருந்தான். எங்கள் மூன்றாவது ஆள் அன்றைக்குப் பூசைக்குக் கீபோர்டு வாசிக்கப் போகாமல் வந்திருந்தான். பெண்ணின் அப்பாவுக்கு அதிலேயே கோபமாம்.

விசில் அடித்தது. மேனேஜர் வரைபடத்தை விரித்தார், காம்பஸை வைத்தார், கடிகாரத்தைத் தட்டினார், வானத்தைப் பார்த்தார். மற்ற அணிகளெல்லாம் கேட்டைத் தாண்டிப் போய்விட்டன. பிறகு 'வடக்கு' என்று கையை நீட்டி ஓடினார், நாங்களும் ஓடினோம். ஐந்து நிமிஷத்தில் ஒரு முட்டுச் சந்தில் போய் நின்றோம். அங்கே குழாயடியில் குடம் வைத்திருந்த பெண்கள் எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள். மின்கம்பியில் போன வாரத்துக் காற்றாடிகள் கிழிந்து தொங்கின. ஆரஞ்சுக் கொடி எதையும் காணோம். அவன் மெதுவாக, சார் இது பாட் மார்க்கெட் பின்சந்து, இப்படியே திரும்பி வலது பக்கம் போனால் நேரே மோண்டா மார்க்கெட் என்றான். மேனேஜர் கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். வரைபடத்தை நம்ப வேண்டும், உள்ளூர் ஞானத்தை நம்பக்கூடாது, அதுதான் ப்ராஸஸ் என்றார். பிறந்ததிலிருந்து அந்தச் சந்தில் சைக்கிள் ஓட்டினவனிடம் ப்ராஸஸ் பேசினார் மனுஷர். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இருபத்தைந்து நிமிஷம் அப்படிப் போனது. அட்டையில் ஒரே ஒரு ஓட்டை, அதுவும் க்ளாக் டவர் பூங்காவில், தொடங்கின இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற கொடி. டைம் கீப்பர் என்ற முறையில் நான் நேரத்தைச் சொன்னேன். மேனேஜருக்கு முகம் சிவந்தது, கடிகாரம் சரியாக சிக்னல் பிடிக்கவில்லை என்று அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு, சரி நீ ஒரு தடவை ட்ரை பண்ணிப் பாரு என்று அவனிடம் வரைபடத்தை நீட்டினார், ஏதோ சொத்தை எழுதிக் கொடுக்கிற மாதிரி.

அவன் ஒரு பார்வை பார்த்தான். மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் நடந்ததைத்தான் ஓட்டம் என்று சொல்ல வேண்டும். மோண்டா மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டுகளுக்கு நடுவே புகுந்தோம். காய்க்காரம்மாவிடம் தெலுங்கில் ஒரு வார்த்தை கேட்டான், அவள் தராசைக்கூடக் கீழே வைக்காமல் மோவாயால் வழி காட்டினாள். ஜெனரல் பஜாரின் பின்சந்தில் இன்னும் திறக்காத துணிக்கடைப் படியில் உட்கார்ந்திருந்த தையல்காரரிடம் இந்தியில் கேட்டான், கொடி அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவர், ரயில்வே நடைபாலம், பழைய சினிமாக் கொட்டகையின் பூட்டின கேட். முக்கால் மணி நேரத்தில் ஆறு கொடி. ஒவ்வொன்றிலும் மூன்று பேரும் நின்று ஒழுங்காகக் குத்தினோம். எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முக்கால் மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. ஆறு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறேன், கம்பெனி பஸ் ஜன்னலைத் தவிர எதையும் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏழாவது கொடி முடிந்ததும் மேனேஜர் ஓர் ஈரானி ஹோட்டல் வாசலில் நின்றுவிட்டார். இடுப்பில் கை, முகம் வெளுத்துவிட்டது. தொடையில் பிடித்துக்கொண்டதாம். உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் சரியாகிவிடுமாம். சொல்லிக்கொண்டே கழுத்திலிருந்து பந்தய அட்டையைக் கழற்றி அவன் கையில் போட்டார். 'எனக்கும் சேர்த்துக் குத்திடு' என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாம் மூன்று விநாடி. அவனும் வாங்கி எதுவும் கேட்காமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். எனக்கும் அது விசித்திரமாகவே படவில்லை. இதை ஏமாற்று வேலை என்று மூன்று பேரில் ஒருத்தருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. நாங்கள் தினமும் செய்கிற காரியம்தானே.

அடுத்த இரண்டு கொடிகளில் அவன் இரண்டு அட்டையைக் குத்தினான், நான் பக்கத்தில் நின்று என்னுடையதைக் குத்தினேன். பத்தாவது கொடி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பாறைக்குன்றின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். படி நூறுக்கு மேல் இருக்கும். அண்ணாந்து பார்த்தேன், முழங்கால் இப்போதே வேண்டாம் என்றது. அவன் என்னை ஏற வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னான் என்று எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும், ஆனால் அவன் சொல்லவில்லை. நானாகத்தான் அட்டையைக் கழற்றினேன், நானாகத்தான் நீட்டினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினான்.

மேலே பந்தயம் நடத்துகிற கிளப்பைச் சேர்ந்த ஒரு கல்லூரிப் பெண் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். கம்பெனி ஆள் இல்லை, வெளியாள். ஒருத்தன் மட்டும் வந்து மூன்று அட்டையைக் குத்துவதைப் பார்த்து மற்ற இரண்டு பேர் எங்கே என்று கேட்டிருக்கிறாள். 'கீழ இருக்காங்க மேடம்' என்று இவன் சொல்லியிருக்கிறான். பின்னால் வருகிறார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது பொய் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அவள் எங்கள் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

மிச்சம் இரண்டு கொடியையும் முடித்துவிட்டு ஹோட்டலுக்கு வந்தோம். மேனேஜர் இரண்டாவது டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். தொடை சரியாகிவிட்டிருந்தது. மைதானத்துக்கு இருநூறு அடி இருக்கும்போது அட்டையைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டார், டி-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் போய்க் கையை உயர்த்திக்கொண்டு கோட்டைத் தாண்டினார். ஃபோட்டோ எடுத்தார்கள். நாற்பது அணியில் நாங்கள் இரண்டாவது. டெலிவரி ஹெட் வந்து கை குலுக்கினார். மேனேஜர் வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தார், பொய் சொல்லக்கூடாது. அவன் தோளில் கை போட்டு இழுத்து, சார் இந்தப் பையன் நம்ம மாடியில் காண்ட்ராக்ட், இவனுடைய பேப்பர் ஒன்று உங்களிடம் வர வேண்டியிருக்கிறது என்று ஆரம்பித்தார். அவனுக்கு முகமெல்லாம் பல். அப்போது ஒலிபெருக்கியில் எங்கள் அணி எண்ணைச் சொல்லி, ஒரே ஆள் மூன்று அட்டையையும் குத்தியதால் தகுதி நீக்கம் என்று அறிவித்தார்கள். இரண்டு தடவை சொன்னார்கள், கேட்காதவர்களுக்காக.

தோளில் இருந்த கை மெல்ல இறங்கியது. மேனேஜர் சிரித்தார். 'பத்திரமா வெச்சுக்கோன்னு கொடுத்தேன் சார். பையன் ஆர்வக் கோளாறுல குத்திட்டான்' என்றார். டெலிவரி ஹெட் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

ஒரு விளையாட்டு, இதோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். எங்கள் கம்பெனியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். அந்த மாதம் பார்த்து நேர்மை மாதம் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், லிஃப்டுக்குள்கூட நேர்மை போஸ்டர். வெளியாட்கள் முன்னால் மானம் போய்விட்டது என்று திங்கட்கிழமை விசாரணை. என்னைக் கூப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் காபி மெஷின் பக்கம் மேனேஜர் வந்தார். அட்டை விஷயத்தைக் கிளற ஆரம்பித்தால் ஆபீஸ் அட்டை வரைக்கும் வருவார்கள், உங்களுடைய வெள்ளிக்கிழமைகளும் வரும் என்று, சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, ரொம்ப அக்கறையாகச் சொன்னார். பத்திரமாக வைத்துக்கொள்ளக் கொடுத்தோம், அவ்வளவுதான் நமக்குத் தெரியும் என்றார். தொடை நடுங்கி என்று அவரை மனசுக்குள் திட்டினேன். திட்டிவிட்டு உள்ளே போய், அவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தேன். அந்த ஹெச்.ஆர். பெண் ஆமாம் ஆமாம் என்று எழுதிக்கொண்டாள். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அவனை விசாரிக்கவே இல்லை. காண்ட்ராக்ட் ஆளை விசாரிக்கிற வழக்கமில்லை. அவனை அனுப்பின ஏஜென்சிக்கு வேறு ஆளை அனுப்புங்கள் என்று ஒரு மெயில் போனது. புதன்கிழமை அவன் அட்டைக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. சாமான்களை எடுக்க ஒரு செக்யூரிட்டியோடு மாடிக்கு வந்தான். அவன் டிராயரில் என் ஆபீஸ் அட்டை இருந்திருக்கிறது, போன வெள்ளிக்கிழமை தேய்த்தது. திங்களிலிருந்து நான் அதைக் காணோம் என்று ரிசப்ஷனில் தாற்காலிக அட்டை வாங்கித் திரிந்துகொண்டிருந்தேன். செக்யூரிட்டி கண்ணில் படாமல் அதை என் கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வரேன் மேடம் என்றான். அவன் வாயைத் திறந்திருந்தால் மேனேஜரும் நானும் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்போம். திறக்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் வேலையை விடத் தோன்றவில்லை, பாருங்கள்.

பத்து நாள் கழித்து ஃபோன் செய்தான். முதல் தடவையாக அக்கா என்றான். ஆபீஸில் நடந்தது எப்படியோ சர்ச் வரைக்கும் போயிருக்கிறது. ஏமாற்றினதால் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று பெண்ணின் அப்பா காதில் யாரோ போட்டுவிட்டார்கள். லெட்டர் இல்லை என்பதை அவர் எப்படியாவது பொறுத்துக்கொள்வார், திருட்டுத்தனத்தைப் பொறுக்க மாட்டார் என்றான். 'ஆபீஸ்ல ஒண்ணும் பேச வேணாம் அக்கா. அவர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நான் திருடலன்னு' என்றான். சரி என்றேன். இதையாவது செய்யலாமே என்று எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் மல்காஜ்கிரிக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சின்ன வீடு. பெண்ணின் அப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண் உள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் வராண்டாவிலேயே நின்றுகொண்டான், கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் வழி தெரியாமல் முட்டுச் சந்தில் நின்றதை, டீ குடிக்க உட்கார்ந்ததை, அட்டையைக் கழற்றிக் கொடுத்ததை, குன்றடியில் நான் கொடுத்ததை. வெள்ளிக்கிழமைகளைக்கூடச் சொன்னேன். மேனேஜரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு நன்றாகவே வார்த்தை வந்தது, கோழை, பித்தலாட்டக்காரன், அடுத்தவன் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறவன் என்றெல்லாம். சொல்லச் சொல்ல மனசு லேசானது. இவன் மேல் ஒரு தப்பும் இல்லை சார், கொடுத்தவர்கள் நாங்கள் என்று முடித்தேன்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நாற்பது வருஷம் ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டினவர், அவசரப்பட மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

'இத ஆபீஸ்ல சொன்னீங்களாம்மா?' என்றார்.

வாய் வரைக்கும் ஏதேதோ வந்தது. அப்ரைஸல், வீட்டு நிலைமை, மேனேஜர் மிரட்டினது. உள் கதவைப் பிடித்திருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றேன்.

'உங்க வேலை இருக்குதா?'

இருக்கிறது என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கடையில் ஒரு சாமானை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறவர் பார்ப்பாரே, அப்படி. 'ரெண்டு வருஷமா இவனைப் பர்மனென்ட் ஆகிட்டு வா, ஆகிட்டு வான்னு தொரத்திட்டு இருந்தேன்' என்றார். 'பர்மனென்ட் ஆளுங்க எப்படி இருப்பாங்கன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்.'

பிறகு என்னை விட்டுவிட்டு வராண்டா பக்கம் திரும்பி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சாம்பல் புதனுக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது, கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்று ஞாயிறு சர்ச்சில் வாசித்தாக வேண்டும், சாயங்காலமே போய்ச் சாமியாரைப் பார், முதல் ஓலையை அடுத்த வாரமே வாசித்துவிடட்டும் என்றார். அந்தப் பெண் கதவை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நான் எழுந்தேன். காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவன் மட்டும் கேட் வரைக்கும் வந்து, தேங்க்ஸ் அக்கா என்றான், மனசாரத்தான் சொன்னான்.

அவன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. மார்ச்சில் அப்ரைஸல் நன்றாக வந்தது.